ரெண்டு கல்யாணம், ஒரு கார்: சென்னையில இருந்து சேலத்துக்கு ஊர் பாத்துக்கிட்டே போறது எப்படி

ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி "ஒரே முகூர்த்தத்துல ரெண்டு பத்திரிகை வந்திருக்கு கண்ணு, எதுக்கு வருவீங்க"ன்னு கேட்டா உடனே ஒண்ணை கழிச்சு விட்டுடாதீங்க. ரெண்டுக்கும் போகலாம், வழியில நாலு இடமும் பாக்கலாம், மூணாவது நாள் ஏற்காட்டுல காபியும் குடிக்கலாம். நானும் என் வீட்டுக்காரரும் தாம்பரம் பக்கம் குடியிருக்கோம், ஊரு சேலம் அம்மாப்பேட்டை. வருஷத்துக்கு மூணு நாலு தடவை இப்படித்தான் கார்ல ஊருக்குப் போறோம், அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

முதல்ல மேப்பை திறக்காதீங்க, பத்திரிகையை திறங்க. நம்ம பக்கம் வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே வச்சிடுவாங்க, அதுதான் நமக்கு வசதி. நெருங்கின சொந்தம் யாரோ அவங்க வீட்டுக்கு முகூர்த்தம், இன்னொருத்தர் வீட்டுக்கு முந்தின நாள் வரவேற்பு, இப்படி பிரிச்சுக்கிட்டா ரெண்டு வீட்டுலயும் முகம் காட்டின மாதிரி ஆச்சு. ஆனா தாய்மாமன் முறை, நாத்தனார் முறைன்னு சடங்குல உங்களுக்கு வேலை இருந்தா அங்க பேச்சே இல்ல, தாலி கட்டுறப்போ அங்கதான் நிக்கணும். ரெண்டு வீட்டுக்கும் ஒரு வாரம் முன்னாடியே போன் போட்டு "நாங்க வரவேற்புக்கு வந்துடறோம் மாமா, மறுநாள் காலையில இன்னொரு கல்யாணம் இருக்கு"ன்னு நேரா சொல்லிடுங்க. சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, சொல்லாம விட்டாத்தான் மனத்தாங்கல், அது பத்து வருஷம் ஓடும்.

அடுத்தது மண்டபம். பத்திரிகையில ஊர் பேரை மட்டும் பாத்து மேப்ல போடாதீங்க. ஆத்தூர்னே எடுத்துக்கோங்க, சேலம் மாவட்டத்துல ஒரு ஆத்தூர், நம்ம ஜிஎஸ்டி ரோட்டுலயே அச்சரப்பாக்கம் கிட்ட டோல்கேட் இருக்கே அது ஒரு ஆத்தூர், திண்டுக்கல் பக்கம் ஒண்ணு, தூத்துக்குடி பக்கம் ஒண்ணு. மண்டபம் பேரும் அப்படித்தான், ஒரே ரோட்டுல ஒரே மாதிரி பேர்ல ரெண்டு இருக்கும். போன வருஷம் நாங்க வேற மண்டபத்துக்குள்ள போயி, செருப்பு கழட்டி, சந்தனம் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்து, மேடையில யாரையும் தெரியலயேன்னு அப்புறம்தான் எழுந்து ஓடினோம், போய்ச் சேரறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிருச்சு, எனக்கு இன்னைக்கும் அது ஆறல. அதனால கல்யாண வீட்டுல யார்கிட்டயாவது லொகேஷன் வாங்கிக்கோங்க.

இப்போ ஒரு கணக்கு சொல்றேன். சனிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சியில வரவேற்பு, ஞாயித்துக்கிழமை காலை ஆறு டு ஏழரை ஆத்தூர்ல முகூர்த்தம், அப்புறம் சேலம். சென்னையில இருந்து சேலம் 340 கிலோமீட்டர் சொச்சம், நேரா போனா ஆறு மணி நேரம். நாம அதை ஒண்ணரை நாளா பிரிச்சுக்கறோம்.

சனிக்கிழமை காலை அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிடுங்க. சனிக்கிழமை ராகுகாலம் 9 டு 10.30ன்னு வீட்டுல பெரியவங்க சொல்றதுக்கும் சரியா இருக்கும், செங்கல்பட்டு டிராபிக்கையும் தாண்டிடலாம். பாஸ்டேக்ல காசு இருக்கான்னு முந்தின ராத்திரியே பாருங்க, இல்லேன்னா டோல்ல கூடுதலா கட்டணும். டோல்கேட் பரனூர், அச்சரப்பாக்கம் கிட்ட ஆத்தூர், அப்புறம் உளுந்தூர்பேட்டை தாண்டினா வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டின்னு வரிசையா வரும். திண்டிவனத்துல டிபன் முடிச்சிட்டு நேரா விழுப்புரம் போகாம வலது பக்கம் செஞ்சி ரோடு பிடிங்க. முப்பது கிலோமீட்டர்கூட இல்ல, ஒம்பது மணிக்கு கோட்டை வாசல்ல நிப்பீங்க.

செஞ்சிக்கோட்டையை பத்தி கொஞ்சம் சொல்லணும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் ஒரே மதில் சுத்தி வளைச்சுக் கட்டின கோட்டை, 1677ல சிவாஜி பிடிச்சது, 1714ல ராஜா தேசிங்கு சண்டையில உயிர விட்ட ஊரு, 2025ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்திருச்சு. போனதும் ராஜகிரி உச்சிக்கு ஏறணும்னுதான் இவரு துடிப்பாரு. ஆனா சாயங்காலம் வரவேற்பு இருக்கிற அன்னைக்கு அது வேண்டாம். ஏறி இறங்க மூணு மணி நேரம் ஆகும், வெயில்ல முட்டி விட்டுப்போயிடும், அதுக்கப்புறம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மேடை வரிசையில முக்கா மணி நேரம் நிக்கணும். கீழ்க்கோட்டையே போதும், கல்யாண மஹால், பெரிய நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கட்ரமணர் கோயில்னு ரெண்டு மணி நேரம் நல்லா ஓடும். கல்யாண மஹால் கோபுரம் மாதிரி அடுக்கடுக்கா எழும்பி நிக்கிறதை பாத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம், எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். உச்சிக்கு ஏறியே ஆகணும்னா அதுக்குன்னு தனியா ஒரு நாள் வாங்க, அதுவும் காலையிலயே, பிற்பகல் ஆனா மேல ஏற விடமாட்டாங்க. கையில சாப்பாட்டுப் பை இருந்தா குரங்கு விடாது, கார்லயே வச்சிடுங்க.

செஞ்சியில இருந்து விழுப்புரம் நாப்பது கிலோமீட்டர் கிட்ட, அங்க சாப்பாடு, அங்கிருந்து உளுந்தூர்பேட்டையில வலது பக்கம் சேலம் ரோட்டுல திரும்பணும். இந்த ரோட்டுல ஒரு விஷயம் கட்டாயம் ஞாபகம் வச்சுக்கோங்க, நாலு வழிச்சாலைன்னு நம்பி நூறுல போயிட்டு இருப்பீங்க, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடின்னு ஊர் பைபாஸ் வர்ற இடத்துல ரோடு ரெண்டு வழியா சுருங்கி எதிர்ல பஸ் முகத்துக்கு நேரா வரும். வருஷக்கணக்கா விபத்து நடந்த இடங்க இதெல்லாம், அகலப்படுத்துற வேலை நடந்துட்டு இருக்கு. எங்க முடிஞ்சிருக்கும் எங்க முடிஞ்சிருக்காதுன்னு யோசிக்காம பைபாஸ் ஆரம்பிச்சதும் வேகத்தைக் குறைச்சிடுங்க, ராத்திரியில இந்த ரோட்டுல ஓட்டவே வேண்டாம். அதனாலதான் கள்ளக்குறிச்சியில ரூம் போடச் சொல்றேன். கல்யாண வீட்டுலயே ரூம் குடுப்பாங்க, ஆனா அன்னைக்கு அங்க ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு இருப்பாங்க, விடியக்காலை பாத்ரூமுக்கு வரிசை. நமக்கு காலையில அஞ்சு மணிக்கு கிளம்பணும், தனியா ஒரு லாட்ஜ் போட்டுக்கிறது நல்லது, முகூர்த்த நாள்ல ரூம் கிடைக்காது, முன்னாடியே சொல்லி வைங்க.

மூணு மணிக்கு ரூமுக்கு வந்தா ஒரு குட்டித் தூக்கம் போடலாம். துணியை பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு கல்யாணத்துக்கு ரெண்டு பை, ஒவ்வொண்ணுலயும் புடவை, ரவிக்கை, உள்பாவாடை, ஊக்கு, நகை டப்பா, இவருக்கு வேட்டி சட்டை எல்லாம் ஒண்ணா. ஒரே சூட்கேஸ்ல போட்டுட்டா விடியக்காலை நாலு மணிக்கு லைட் போட்டு மொத்தத்தையும் கொட்டித் தேடணும். பட்டுப்புடவையை பழைய பருத்தி வேட்டியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், கார் சூட்டுல வேர்த்துப்போகும். பூவை சென்னையில வாங்கிட்டு வராதீங்க, கள்ளக்குறிச்சியிலயே சாயங்காலம் வாங்குங்க, மறுநாளைக்கு ஒரு முழம் மொட்டா வாங்கி வாழை இலையில சுத்தி வச்சா காலையில பதமா இருக்கும்.

மொய் கவரை வீட்டுலயே ரெண்டு தயார் பண்ணி பேர் எழுதி வச்சிடுங்க. உங்க பேரும் சென்னைன்னும் மட்டும் எழுதினா ஊர்ல யாருக்கும் விளங்காது. மொய் நோட்டுல நம்மளை அடையாளம் தெரியறதே ஊர் பேராலயும் அப்பா பேராலயும்தான், "அம்மாப்பேட்டை இன்னார் மக, மருமகன்"னு எழுதணும். நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவங்க அந்த நோட்டைத்தான் எடுத்துப் பாப்பாங்க, அது வெறும் காசுக் கணக்கு இல்ல, யார் யாருக்கு யார் வந்து நின்னாங்கங்கிற கணக்கு.

வரவேற்புல மேடை ஏறி போட்டோ எடுத்துட்டு பந்திக்கு ஓடிடாதீங்க. பொண்ணோட பாட்டி, மாப்பிள்ளையோட பெரியப்பான்னு முதல் வரிசையில வயசானவங்க உக்காந்திருப்பாங்க, அவங்க பக்கத்துல கால்மணி நேரம் உக்காருங்க. எங்க பெரியத்தை ஒருத்தங்களை நான் கடைசியா பாத்தது அப்படி ஒரு வரவேற்புலதான், என் கைய விடாம பிடிச்சுக்கிட்டு சின்ன வயசுக் கதையெல்லாம் சொன்னாங்க. 340 கிலோமீட்டர் ஓட்டிட்டு வர்றது இதுக்குத்தான், கோட்டையும் அருவியும் எங்கயும் போயிடாது.

ஞாயித்துக்கிழமை அஞ்சுக்கு கிளம்பினா ஆத்தூர் அம்பது கிலோமீட்டர், ஆறு மணிக்கு மண்டபம். நடுவுல தலைவாசல் காய்கறி மார்க்கெட் வரும், விடியக்காலையில தக்காளி கத்திரிக்காய் ஏத்தின வண்டிங்க ரோட்டுல திரும்பும், நிதானமா வாங்க. தாலி கட்டி, அட்சதை போட்டு, டிபன் சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, ஒம்பதுக்கு விடைபெத்துக்கலாம்.

அங்கிருந்து நேரா சேலம் போயிடாதீங்க. வந்த வழியில திரும்ப தலைவாசல் வரை வந்து ஆறகளூருக்கும் தியாகனூருக்கும் ஒரு எட்டு போங்க. சேலத்துக்காரங்கள்லயே பாதிப்பேர் பாக்காத இடம். ஆறகளூர் ஒருகாலத்துல மகதை நாட்டுக்குத் தலைநகர், வாணகோவரையர்கள் ஆண்டது, ஆறு அகழி இருந்ததால ஆறகழூர்னு பேர் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. வசிஷ்ட நதிக்கரையில காமநாதீஸ்வரர் கோயில், அங்க எட்டு பைரவரும் இருக்காங்க, தேய்பிறை அஷ்டமி அன்னைக்கு கூட்டம் தாங்காது, மத்த நாள்ல அமைதியா பாக்கலாம், மதியம் நடை சாத்துறதுக்குள்ள போயிடணும். தியாகனூர்ல ரெண்டு பெரிய கல் புத்தர், தியானத்துல உக்காந்த மாதிரி. வயல் நடுவுல ஒரு சின்ன ஊர்ல புத்தர் இருக்காருன்னா இந்தப் பக்கம் பௌத்தம் எவ்ளோ வேர் விட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஊர்க்காரங்க இன்னைக்கும் விளக்கு வச்சு கும்பிடறாங்க. பட்டுப்புடவையோட போயி அங்க பத்து நிமிஷம் சும்மா உக்காந்தோம், கல்யாண மேளச் சத்தம் காதுல இருந்து மெல்ல இறங்கிப்போச்சு.

ஆத்தூர் பக்கத்துல ஆணைவாரி முட்டல் அருவி இருக்கு, வனத்துறை டிக்கெட் வாங்கிப் போகணும். கோடையில தண்ணி இருக்காது, மலையில மழை பேஞ்சா திடீர்னு வெள்ளம் வரும். கல்யாணத் துணியோட போற இடமும் இல்ல. விட்டுடுங்க. முத்துமலை முருகன் வழியிலயே ஏத்தாப்பூர் கிட்ட இருக்காரு, 146 அடி, மலேசியா பத்துமலை முருகனை விட ஆறு அடி ஒசரம், 2022ல கும்பாபிஷேகம் ஆச்சு. ரோட்டுல இருந்தே தெரியும், இறங்கி கும்பிட்டுட்டு வர முக்கா மணி நேரம். அங்கிருந்து சேலம் ஒரு மணி நேரத்துக்குள்ள.

பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வரும், சேலம் பக்கமா வரும்போது அது முழுக்க இறக்கம். லாரிங்க நியூட்ரல்ல விட்டு பிரேக் பிடிக்காம போன கதை நிறைய, முன்னாடியும் பின்னாடியும் இடம் விட்டு கியர்லயே இறங்குங்க. வழியில பாக்கறதுக்கு ஓமலூர்ல பிரிஞ்சு தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் போங்க, கெட்டி முதலிகள் கட்டினது, யாளி வாய்க்குள்ள உருளுற கல் உருண்டையை விரலால தள்ளிப் பாருங்க, அது எப்படி செதுக்கினாங்கன்னு இன்னைக்கும் எனக்கு ஆச்சரியம். ஒகேனக்கல் போகணும்னா அரை நாள் போயிடும், முகூர்த்த நாள்ல வச்சுக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு எங்கயும் கிளம்பாதீங்க. பெரியவங்க கல்யாணத்துல யார் யார் வந்தாங்க, என்ன பந்தி, பொண்ணு எப்படி இருந்துச்சுன்னு எல்லாம் கேப்பாங்க, அதை முழுசா சொல்லணும். சாயங்காலம் நடந்து போயி ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டா போதும், பீட்ரூட் கேரட் துருவலும் காரச் சட்னியும் வச்சு ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல அமுக்கிக் குடுப்பாங்க, கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாக்குக்கு அதுதான் கேக்கும்.

ஏற்காடு திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை கூட்டம் இறங்கிப்போயிருக்கும், மலையே நமக்கு. சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க, ஹாரன் அடிங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. காலையில ஏழு மணிக்கே ஏறினா பனி விலகறதுக்குள்ள பகோடா பாயிண்ட் போயிடலாம், அப்புறம் 5326 அடி ஒசரத்துல சேர்வராயன் கோயில், குகைக்குள்ள குனிஞ்சு போகணும், சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க. கல்யாணம் ஆன புதுசுல எங்க அத்தை எங்களை முதல்ல கூட்டிட்டுப் போனது அங்கதான், போட்டிங்குக்கு எல்லாம் அப்புறம்தான். காபி பூக்குற மார்ச் ஏப்ரல்ல போனா, ஒரு மழை விழுந்த கையோட தோட்டம் முழுக்க வெள்ளையா பூத்து மல்லி மாதிரி மணக்கும், கார் கண்ணாடியை இறக்கி விட்டு மெதுவா ஓட்டுங்க. கிள்ளியூர் அருவி மழைக்கு அப்புறம்தான். இறங்கறதுக்கு குப்பனூர் ரோடு பிடிங்க, வளைவு கம்மி, ஊரும் தோட்டமுமா வரும். மே மாசம் கோடை விழா சமயத்துல ஏற ஒரு ரோடு இறங்க ஒரு ரோடுன்னு போலீஸே மாத்தி விடுறது உண்டு, அடிவாரத்துல கேட்டுக்கோங்க.

கடைசியா, சென்னையில இருந்து கிளம்பறப்போவே டிக்கியில பாதி இடம் காலியா விட்டுட்டு வாங்க. ஏற்காட்டு மிளகும் காபித்தூளும் நாம வாங்கறது, ஆனா திரும்புற அன்னைக்கு காலையில அம்மா ஒரு அரிசி மூட்டை, ஜவ்வரிசி வடகம், ரெண்டு கல்யாணத்து தாம்பூலத் தேங்காய், மாம்பழ சீசன்னா ஒரு கூடை மல்கோவான்னு வாசல்ல வரிசையா வச்சிருப்பாங்க. அதுல எதையும் வேண்டாம்னு சொல்லாதீங்க, மாம்பழக் கூடையை மட்டும் வெயில் படாம பின் சீட்டுக்குக் கீழ வைங்க.