வீதி வெள்ளம் இறங்கும் இடத்தில் என்ன நடலாம்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மழை அடித்தால் போதும், வீதி எண்ணெயும் டயர்த் தூளும் கலந்த கறுப்புத் தண்ணீர் நேராகக் கால்வாய்க்குத்தான் போகிறது. வாசலோரம் கொஞ்சம் நிலம் இருந்தால் வெட்டிவேர் வையுங்கள். வெள்ளத்தில் நின்றாலும் பெப்ரவரி வெயிலில் காய்ந்தாலும் தாங்கும். ஆழமாக இறங்கும் அடர்ந்த வேர் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைக்கும். வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். ஈரம் கூடிய பக்கத்துக்குக் கல்வாழை. முற்றிய இலைகளை வெட்டி அகற்றுங்கள், இல்லாவிட்டால் அழுகி, உறிஞ்சிய சத்து திரும்பத் தண்ணீருக்கே போய்விடும். ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம், கால்வாயையே மூடிவிடும். மண்ணோடு மணல் கலந்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும், நுளம்பு பெருகாது. அப்புறம், உலோகம் தங்கும் அந்த மண்ணில் கங்குன் கீரையோ வல்லாரையோ நட்டுச் சமைக்காதீர்கள்.