பிள்ளைக்கு இணையத்தில் தொல்லையா? சட்ட உதவியை நாடும் வழி

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளைக் கேலி செய்யும் பதிவுகள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் குவிவதைக் காணும் பெற்றோர், மனம் பொறுக்காமல் உடனே அவற்றை அழித்துவிடுகிறார்கள். அழிவது ஆதாரம் என்பது பிறகுதான் உறைக்கிறது.

முதல் படி: ஆதாரத்தைத் திரட்டுங்கள்

பதில் எழுதாதீர்கள், கணக்கைத் தடை செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வசைச் சொற்களை மட்டும் வெட்டி எடுத்த படம் போதாது. அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், முன்னும் பின்னும் வந்த செய்திகள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். இன்ஸ்டகிராமில் பெயரை எளிதில் மாற்றிவிடலாம் என்பதால், அந்தக் கணக்கின் முகப்பைத் திறந்து அதன் இணைப்பையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். என்று, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. 16 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவினால், ஆதாரத்துக்காகக்கூட அதை நகலெடுக்கவோ மற்றவருக்கு அனுப்பவோ கூடாது. அத்தகைய படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டத் தொகுப்பின்படி குற்றமாகக்கூடும். கைப்பேசியை அப்படியே எடுத்துக்கொண்டு காவல்துறையிடம் செல்லுங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

2014 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள 'தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம்' இணையத்துக்கும் பொருந்தும். வேண்டுமென்றே ஒருவரை மனம் கலங்கச் செய்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவதும் 2020 முதல் குற்றம். ஆத்திரத்தில், தொல்லை கொடுத்த மாணவனின் பெயரையும் பள்ளியையும் ஃபேஸ்புக்கில் போடும் பெற்றோரும் இதே பிரிவில் சிக்கலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் படி: புகார் செய்யுங்கள்

பதிவை நீக்கும்படி அந்தத் தளத்திடம் முதலில் புகார் கொடுங்கள். மிரட்டலோ பாலியல் நோக்கமோ தெரிந்தால் காத்திராமல் காவல்துறையை நாடுங்கள். தொடக்கநிலைப் பிள்ளை உங்களிடம் பேசத் தயங்கினால், சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரண்ட் உதவித் தொலைபேசி இருக்கிறது: 1800-2744-788.

நான்காம் படி: பாதுகாப்பு ஆணை கேளுங்கள்

குற்ற வழக்கு நடக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. என் பார்வையில், பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியது தண்டனையைவிடத் தொல்லை நிற்பதுதான். 2021 ஜூன் முதல் அரசு நீதிமன்றங்களில் தொல்லை வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் இயங்குகிறது. அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறையாத பிள்ளையின் சார்பில் பெற்றோர் போன்ற பெரியவர் ஒருவர் வழக்காட வேண்டும். விசாரணை முடியும்வரை பொறுக்க முடியாத நிலையில், விரைவுப் பாதுகாப்பு ஆணையையும் கூடவே கேளுங்கள்.

தொல்லையை நிறுத்தவும் பதிவுகளை நீக்கவும் நீதிமன்றம் ஆணையிடலாம். ஆணையை மீறுவதும் குற்றமே. ஆகவே ஆணை கைக்கு வந்த பின்னும் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.