வீட்டை ஒட்டி நிற்கும் வேப்பமரத்தைக் கயிற்றில் இறக்குவது எப்படி?

ஓட்டு வீட்டின் மேல் கவிழ்ந்து நிற்கும் பெரிய வேம்பை எடுக்க வேண்டும் என்றால், புதிதாக வருபவர்கள் முதலில் ரம்பத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் கயிற்றைப் பார்க்கச் சொல்வேன். அறுந்த கிளை எங்கே போகும், என்ன வேகத்தில் போகும் என்பதெல்லாம் கீழே கயிறு பிடிப்பவர் கையில் இருக்கிறது. புதியவர்கள் அந்த இடத்தில் நின்றுதான் தொழிலைத் தொடங்க வேண்டும். மேலே ஏறி அறுப்பது பழகிய ஆளின் வேலை.

1. மரத்தைச் சுற்றி வாருங்கள்

கிளைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். அப்புறம் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். பொந்து விழுந்த சத்தம் வந்தாலோ, கரையான் அரித்திருந்தாலோ, அந்த மரத்தில் ஆளும் ஏறக் கூடாது, கயிறும் கட்டக் கூடாது. கிரேனுக்குச் சொல்லிவிடுங்கள்.

2. எடையைக் கணக்கிடுங்கள்

பச்சை மரத்தைக் கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. குறுக்களவும் 2 மீட்டர் நீளமும் உள்ள துண்டு கிட்டத்தட்ட 100 கிலோ வரும். அதே நீளத்தில் குறுக்களவு 50 செ.மீ. என்றால் 400 கிலோ. இலையும் சிறு கொப்பும் தனி.

மேலே மரத்தில் கட்டிய கப்பி வழியாக ஓடும் கயிற்றில் அந்த 100 கிலோ துண்டு தொங்கும்போது, கப்பி கட்டிய இடம் ஏறக்குறைய 200 கிலோவைத் தாங்குகிறது. துண்டின் எடை ஒரு பக்கம், நாம் பிடிக்கும் இழுப்பு இன்னொரு பக்கம். துண்டு கொஞ்ச தூரம் விழுந்து வெடுக்கென்று நின்றால் பாரம் இன்னும் பல மடங்கு ஏறும். அதனால் கயிற்றின் அறுபடு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

3. கயிறு

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், கையில் கிடைத்த நீல பிளாஸ்டிக் கயிற்றை வைத்து ஒரு கிளையை இறக்கினோம். அடிமரத்தில் உரசி ஓடிய இடத்தில் கயிறு உருகி, இழைகள் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று ஒட்டிக்கொண்டன. அதைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கயிற்றை இந்த வேலைக்கு எடுப்பதில்லை. நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். நைலான் கொஞ்சம் இழுபடுவதால் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும்.

4. கட்டும் இடம்

அறுக்கப்போகும் கிளைக்கு மேலே உறுதியான கவையில் கப்பியைக் கட்டுங்கள். கப்பி கீழே இருந்தால் கிளை முதலில் விழும், பிறகுதான் கயிறு பிடிக்கும்.

கிளையின் அடிமுனையில், அதாவது அறுக்கும் பக்கம், கயிற்றைக் கட்டினால் நுனி கவிழ்ந்து தொங்கும். கீழே ஓடு இருந்தால் அத்தனையும் நொறுங்கிவிடும். நுனிப் பக்கமாகக் கட்டினால் நுனி மேலேயே நிற்க, அறுத்த முனை அடிமரத்தை நோக்கி வீசி இறங்கும். ஓட்டுக்கு மேல் நீட்டிய கிளைக்கு இதுதான் சரி. ஆனால் அந்த வீச்சில் அறுப்பவர் நிற்கக் கூடாது. கிளையைத் திசை திருப்ப மெல்லிய கயிறு ஒன்றையும் நுனியில் கட்டி, தூரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

5. கீழே பிடிப்பது

நூறு கிலோவை யாரும் வெறும் கையால் பிடிக்க முடியாது. கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் உரசல் பிடிமானம் மடங்கு மடங்காகக் கூடும். ஒரே ஆள் நிதானமாக விட்டு இறக்கலாம். தோல் கையுறை அவசியம். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். தரையில் சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்காதீர்கள். கயிறு ஓடத் தொடங்கினால் காலை உருவ நேரம் இருக்காது.

6. அறுப்பது

தொய்வை முழுக்க இழுத்து இறுக்கிய பிறகு, கீழே இருப்பவர் "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அது காதில் விழாமல் மேலே ரம்பம் ஓடக் கூடாது. முதலில் கிளையின் கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டு, பிறகு மேலிருந்து. அந்தக் கீழ்வெட்டு இல்லாவிட்டால் பட்டை உரிந்து, கிளை பிளந்து, நினைக்காத பக்கம் ஆடும்.

கிளை கழன்றதும் கயிறு விறைக்கும். சுற்றிய இடத்தில் பட்டை நறநறவென்று சத்தம் போடும். பயந்து இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள். கொஞ்சம் ஓடவிட்டு, மெல்ல மெல்ல நிறுத்துங்கள். கிளை தரையில் முழுதாக உட்காரும் வரை அதன் கீழே யாரும் போகக் கூடாது.

7. நடுமரம்

கிளைகள் போன பிறகு நிற்கும் நடுமரத்துக்கு மேலே கப்பி கட்ட இடமில்லை. வெட்டுக்குக் கீழே கட்டிப் பெரிய துண்டுகளைப் பிடிப்பது இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. மொத்த அதிர்ச்சியும் ஆள் நிற்கும் மரத்துக்கே போகும். புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம். 30 செ.மீ. துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றாக வீட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். 50 செ.மீ. பருமனில் அதுவே 60 கிலோ இருக்கும் என்பதால், விழும் இடத்தில் பழைய டயர்களைப் பரப்பி, மேலே வெட்டிய கொப்புகளைப் போட்டு வையுங்கள்.