பனியுடைப்புக் கப்பல் கட்டத் தொடங்குமுன்: கடலோரக் காவல்படைத் திட்டத்தினருக்கு ஒரு வழிகாட்டி

புதிய பனியுடைப்புக் கப்பல் வேண்டும் என்று முடிவானதும், எத்தனை கப்பல், எவ்வளவு செலவு என்ற பேச்சுதான் முதலில் எழும். அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது, அந்தக் கப்பல் எந்தப் பனியில், ஆண்டின் எந்த மாதங்களில் ஓட வேண்டும் என்ற கேள்வி. துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களைப் பன்னாட்டு விதிகள் ஏழு தரங்களாகப் பிரிக்கின்றன. முதல் தரக் கப்பல் எல்லாத் துருவக் கடல்களிலும் ஆண்டு முழுவதும் ஓட வல்லது. ஏழாம் தரக் கப்பலோ கோடையிலும் இலையுதிர் காலத்திலும், அதுவும் ஒரே குளிர்காலத்தில் உறைந்த மெல்லிய முதலாண்டுப் பனியில்தான் ஓடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை கட்டிவரும் 'போலார் செக்யூரிட்டி கட்டர்' கப்பல்கள் இரண்டாம் தரத்தவை. பெருமைக்காக ஒரு தரம் கூட்டிக் கேட்டால் எஃகு, இயந்திரம், எடை, எரிபொருள் எல்லாமே சேர்ந்து கூடும் என்பதைத் திட்டக் குழு மறக்கக் கூடாது.

அடுத்தது கப்பலின் வடிவம். பனிக்கட்டி நசுக்குவதற்குக் கடினமானது, ஆனால் வளைத்தால் எளிதில் முறிந்துவிடும். அதனால்தான் பனியுடைப்புக் கப்பல் கோடரி போலப் பனியைப் பிளப்பதில்லை. சாய்வான அணியத்தால், அதாவது முன்பகுதியால், பனியின் மேல் ஏறித் தன் எடையால் அதை அழுத்தி முறிக்கிறது. உடைந்த துண்டுகள் உந்துவிசிறிகளுக்குள் புகாமல் பக்கவாட்டில் ஒதுங்கவும் அதே வடிவம்தான் வழிசெய்ய வேண்டும். கணக்கும் கணினியும் இதற்குப் போதா. ஹெல்சின்கியிலும் ஹாம்பர்க்கிலும் கனடாவின் செயின்ட் ஜான்சிலும் உள்ள பனித் தொட்டிகளில் மாதிரிக் கப்பலை ஓட்டிப் பார்ப்பது அவசியம். பனியில் நன்றாக ஓடும் உருண்டையான அடிப்பாகம் திறந்த கடலில் பயங்கரமாக உருளும் என்பதால், அலைத் தொட்டியிலும் சோதிக்க வேண்டும். அண்டார்க்டிகாவுக்குப் போகும் கப்பல் உலகின் மிகக் கொந்தளிப்பான கடலைக் கடந்துதான் பனியை அடைகிறது.

உந்துமுறையில் டீசல்-மின் அமைப்பே பெரும்பாலும் பொருந்தும்: டீசல் இயந்திரம் மின்சாரம் தயாரிக்க, மின்மோட்டார் விசிறியைச் சுழற்றும். விசிறி பனிக்கட்டியில் சிக்கித் தடுமாறும்போதும், பின்வாங்கி மீண்டும் மோதும்போதும், குறைந்த சுழற்சியிலேயே முழு முறுக்குவிசை தேவைப்படுகிறது. மின்மோட்டார் அதைத் தருகிறது. கடல்நீர் உள்வாங்கும் வாய்களில் நொறுங்கிய பனி அடைத்தால் குளிர்விப்பு நின்று இயந்திரமும் நின்றுவிடும். எனவே சூடான நீரை அந்த வாய்களுக்கே திருப்பி விடும் குழாய்களை வரைபடக் கட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எஃகில்தான் கப்பல் கட்டும் தளத்தின் உண்மையான திறமை வெளிப்படும். 1976-இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் 'போலார் ஸ்டார்' கப்பலின் அணியத்தில் தகட்டின் தடிமன் சுமார் 44 மில்லிமீட்டர். உள்ளே விலாச்சட்டங்கள் ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு வெல்டர் தோளை நுழைப்பதே கடினம். தடித்த தகட்டை முன்கூட்டியே சூடாக்காமல் பற்றவைத்தால், இணைப்பு வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து உள்ளுக்குள் மயிரிழை விரிசல் விடக்கூடும். ஆகவே வெப்பநிலையைப் பார்த்துப் பதிவுசெய்வதையும், மீயொலிச் சோதனையைத் தாமதித்து நடத்துவதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று: விரிவான வடிவமைப்பு முடியுமுன் தகடு வெட்டத் தொடங்காதீர்கள். அமெரிக்காவின் 'போலார் செக்யூரிட்டி கட்டர்' திட்டத்தையே பாருங்கள். 2019 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலாவில் உள்ள கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தம் ஆனது. முதல் கப்பல் 2024-இல் வந்துசேரும் என்று நம்பினார்கள். ஆனால் அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஜெர்மன் வடிவமைப்பே அப்போது கப்பலாக உருவெடுத்திருக்கவில்லை. அதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றியதில் அது புதிய வடிவமைப்பாகவே ஆகிவிட்டது. 1970-களுக்குப் பின் அந்நாட்டில் கனரகப் பனியுடைப்புக் கப்பல் எதுவும் கட்டப்படாததால், அந்த வேலை கைப்பழக்கமானவர்களும் குறைவு. முடிவில், கப்பல் வந்திருக்க வேண்டிய 2024-ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் முழு அளவில் கட்டும் பணிக்கே அனுமதி கிடைத்தது. அதற்கு முன் சில பகுதிகளை மட்டும் சோதனையாகக் கட்டித் தொழிலாளர்களைப் பழக்கியது அவர்கள் செய்த நல்ல காரியம்; அதை ஒப்பந்தத்தின் முதல் ஆண்டிலேயே செய்திருக்கலாம். பழகிய கை எங்கே இருக்கிறதோ அங்கே போவதும் ஒரு வழி: கனடாவின் டேவி நிறுவனம் 2023-இல் ஹெல்சின்கி கப்பல் தளத்தையே வாங்கிக்கொண்டது.

தாமதம் வரும் என்றே வைத்துக்கொண்டு பழைய கப்பலுக்கான உதிரிப்பாகங்களுக்கும் நிதி ஒதுக்குங்கள். 'போலார் ஸ்டார்' இன்றும் ஓடுகிறது என்றால், 2010 முதல் செயலிழந்து கிடக்கும் அதன் சகோதரக் கப்பலான 'போலார் சீ'யிலிருந்து கழற்றிய பாகங்களுக்கும் அதில் பங்குண்டு.

கடைசியாகப் பனிச் சோதனை. பனியில் துளையிட்டுத் தடிமனை அளந்து, ஒரு பாளத்தை அறுத்து வளைத்து அதன் வலிமையைக் குறித்துக்கொண்ட பிறகே கப்பலை ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் வேகக் கணக்குக்குப் பொருளில்லை. கப்பல் கோடையில் ஒப்படைக்கப்பட்டால் ஏற்ற பனிக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேரும். ஆகவே தளத்தின் உத்தரவாதக் காலத்தை ஒப்படைப்பு நாளிலிருந்து எண்ணாமல், அந்தச் சோதனை முடியும் நாளிலிருந்து எண்ணும்படி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.