முதலாமாண்டு மாணவர்களுக்குத் தீவு முகாம் நடத்துவது எப்படி? படிப்படியாக ஒரு விளக்கம்

கல்லூரி தொடங்குவதற்கு முன் புது மாணவர்களைத் தீவுக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு தங்கவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் சீனியர் மாணவர்கள் தலையில்தான் விழும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலையில் முகாம் போட்டுப் பழகியவர்களுக்கும் தீவு புதிதுதான். மறந்த பொருளை ஓடிப்போய் எடுத்துவர முடியாது. படகு திரும்பி வரும்வரை கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் பாதிக்கு மேற்பட்ட வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அனுமதி, துணிமணி, சமையல் பட்டியல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: நிலவைப் பார்த்துத் தேதி வையுங்கள்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். அரைநிலா நாள்களில் இந்த வித்தியாசம் குறைவு. முதன்முறை நடத்துகிறவர்கள் அரைநிலாவை ஒட்டிய தேதியையே பிடியுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி இறங்கும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். படகு கரையை ஒட்டுவது இதைப் பொறுத்தது என்பதால், போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் படகுக்காரரிடம் பேசிவிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

படி 2: கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள்

"எல்லாருக்கும் நீச்சல் தெரியும்ல?" என்று கூட்டத்தில் கேட்டால், தெரியாத பிள்ளையும் தலையாட்டிவிடும். பக்கத்தில் இருப்பவர் பெயரே தெரியாத நாள் அது. அங்கே யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் ஒரு படிவம் கொடுத்து எழுதி வாங்குங்கள். நீச்சல், ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை, மாதவிடாய்க்குத் தேவையானவை, இருட்டுப் பயம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் படித்து, தேவையானவர்களிடம் தனியே பேசட்டும். நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படகில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். போட்டு வார்களை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அந்த அளவு சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்.

ஒரு குழுவில் எட்டுப் பேர், கூட ஒரு சீனியர். ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்களைப் பிரித்துப் போடுங்கள். ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டால், தலை எண்ணும்போது அவரவர் எண்ணை அவரவரே சொல்வார்கள். விரலை நீட்டி எண்ணுவதைவிட இதுதான் நம்பகமானது. விட்டுப்போன எண் எது என்பதும் உடனே தெரியும்.

படி 3: தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். 40 பேர், 3 நாள் என்றால் 480 லிட்டர். தண்ணீர் மட்டுமே 480 கிலோ. இதைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 லிட்டர் கேன் வேண்டவே வேண்டாம், 10 லிட்டர்தான் சரி. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மணலில் ஏறி அதைத் தூக்கப் போவது பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

படி 4: கூடாரம்

எல்லாரையும் திணறவைக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் இடம். கரையில் காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் குச்சியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாகக் கடல் ஏறியது அதுவரைதான். அதற்கும் மேலே வெளுத்துப்போன பழைய கோடு ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். பெரிய ஏற்றத்தின்போது தண்ணீர் அங்கேயும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கும் மேலேதான் கூடாரம். மணல்மேட்டுக் கொடிகளை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். பட்ட கிளையுள்ள மரத்தடியும் வேண்டாம்.

அடுத்தது முளை. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை மணலில் நிற்காது. காற்று ஒரு முறை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பதில் மணல் மூட்டையைப் புதைக்க வேண்டும். சிறிய துணிப்பையில் ஈரமணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அந்தக் கழுத்தில் முடியுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, மூட்டையை இறக்கி, மணலைத் தள்ளி, கடல்நீர் ஊற்றி மிதியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் நடு இரவில் எங்கள் கூடாரங்கள் தொய்ந்தன. தோண்டிப் பார்த்தால் மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது, கயிறுதான் மாறியிருந்தது. குழியிலிருந்து செங்குத்தாக மேலே வந்து வளைந்து போன கயிறு, காற்று இழுக்க இழுக்க மணலை அறுத்துக்கொண்டு நேராகிவிட்டது. அதனால் மூட்டையிலிருந்து கூடாரத்தின் பக்கமாக, கயிறு நேர்க்கோட்டில் சரிந்து ஏறும்படி ஒரு குறுகிய பள்ளம் வெட்டுங்கள். கயிற்றை அதில் படுக்கவைத்து, ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கும்போதே மூடுங்கள். அரை மணி கழித்து மறுபடி ஒரு முறை இறுக்குங்கள்.

கிளம்பும் முன் இதைக் கல்லூரியின் நீளம் தாண்டும் மணல்குழியில் ஒரு மாலை செய்துபாருங்கள். குச்சி உடைந்த கூடாரம் எது, ஜிப் போன கூடாரம் எது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கூடாரத்தில் என் தேர்வு மூன்று நான்கு பேர் படுக்கும் தாழ்வான குவிமாட வகை. பெரிய வீடு மாதிரியானவை காற்றுக்கு மார்பைக் காட்டி நிற்கும். கைடார்ச்சைவிடத் தலையில் மாட்டும் விளக்குதான் நல்லது. சிவப்பு ஒளி உள்ளதாக வாங்குங்கள். வெள்ளை வெளிச்சம் முட்டையிட வரும் ஆமைகளைக் குழப்பும்.

படி 5: இரவு

கழிப்பிடக் குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், தண்ணீரிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி. கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இருட்டிய பிறகு யாரும் கடலில் இறங்கக்கூடாது, சீனியர்கள் உட்பட.

இன்னொன்று. இரவு ஆட்டம் பாட்டத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது. வீட்டில் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், தீவில் அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஒதுங்கி உட்கார்ந்திருப்பவரைப் பாடச் சொல்லாதீர்கள். "இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்று கேளுங்கள், அவரே பேச ஆரம்பிப்பார்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

நெருப்பை மணல் போட்டு மூடினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். மணலுக்கடியில் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது, வெறுங்காலோடு வருபவர் மிதித்துவிடுவார். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியாத வரைக்கும் ஊற்ற வேண்டும். கடலில் ஒதுங்கிய கட்டையையும் எரிக்காதீர்கள். அதில் ஊறிய உப்பு எரியும்போது நச்சுப்புகை வரும்.

இடி பற்றியும் கேட்டார்கள். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. வானிலை அறிவிப்பில் இடிமழை இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள், முன்பணம் போனாலும் சரி. அங்கே போன பிறகு இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வந்து, தனி மரத்தடியையும் திறந்த மணல்வெளியையும் தவிர்த்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை காத்திருங்கள். படகு பக்கத்திலேயே நின்றாலும் அந்த நேரத்தில் ஏற்றாதீர்கள்.