சுருக்கக் கோப்பை நினைத்த கோப்புறைக்குள் விரிப்பது

நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த 600 படங்கள் ஒரே டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) உங்கள் கைக்கு வருகின்றன என்று வையுங்கள். முனையத்தில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) அப்படியே விரித்தால், நீங்கள் நிற்கும் கோப்புறையிலேயே அத்தனையும் வந்து கொட்டும். அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் டார் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அழித்துப் புதியதை வைத்துவிடும். அதனால் விரிக்குமுன் உள்ளே எட்டிப் பாருங்கள். (கட்டளைகளை ஒலிப்பின்படி தருகிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்து: டார் -டிஎஃப் என்பது tar -tf, எம்கேடிஐஆர் -பி என்பது mkdir -p, அன்ஜிப்பின் -டி என்பது -d.)

டார் -டிஎஃப் படங்கள்.டார்.ஜிஇசட்

எல்லா வரியும் ஒரே கோப்புறைப் பெயரில் தொடங்கினால் நல்லது. வெறும் படப் பெயர்களாக ஓடினால், தனி இடம் கட்டாயம் தேவை.

எம்கேடிஐஆர் -பி நிலாவெளி
டார் -எக்ஸ்எஃப் படங்கள்.டார்.ஜிஇசட் -சி நிலாவெளி

இந்தச் சி பெரிய எழுத்து. டார் கோப்புறையைத் தானாக உருவாக்காது. இல்லாத இடத்தைச் சொன்னால் 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று நின்றுவிடும். எம்கேடிஐஆர் வரியால் கோப்புறையை முதலில் உருவாக்குவது அதற்காகத்தான். பலர் தடுக்கி விழுவது எஃப் எழுத்தில். அதை அடுத்து வருவதையே டார் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். '-எஃப்எக்ஸ்' என்று மாற்றி அடித்தால் எக்ஸ் கோப்பின் பெயராகிவிடும். செய்யவேண்டிய வேலையைச் சொல்லவில்லை என்று பிழை வரும்.

600 படத்தில் இரண்டு மட்டும் வேண்டுமென்றால், '-சி நிலாவெளி' என்பதை அந்த இரண்டு பெயருக்கும் முன்னே வையுங்கள். பின்னே வைத்தால் படங்கள் நீங்கள் நிற்கும் இடத்திலேயே இறங்கும். பழைய கோப்புகளைத் தொடக் கூடாதென்றால் -கே சேருங்கள்.

ஜிப் கோப்புக்கு:

அன்ஜிப் படங்கள்.ஜிப் -டி நிலாவெளி

இங்கே டி சிறிய எழுத்து. கோப்புறை இல்லாவிட்டால் அதுவே உருவாக்கும், மேலெழுதுமுன் கேட்கவும் செய்யும். செவன்-ஜிப் என்ற இன்னொரு விரிப்பு நிரலில் '-ஓ' எழுத்தை அடுத்து இடைவெளி விடாமல் கோப்புறைப் பெயரை ஒட்டி அடிக்கவேண்டும். அதில் எக்ஸ் கட்டளையையே பாவியுங்கள். ஈ கட்டளை உட்கோப்புறைகளைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிடும்.

ஏற்கெனவே கொட்டிச் சிதறிவிட்டதா? -டிஎஃப் தரும் பட்டியலை வைத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்து, புதுக் கோப்புறைக்கு நகர்த்துங்கள். பட்டியலை அப்படியே அழிக்கும் கட்டளைக்குக் கொடுக்கவேண்டாம். -கே சேர்த்து விரித்திருந்தால், அந்தப் பெயரில் இருப்பது உங்கள் பழைய கோப்பாகவே இருக்கலாம்.