தீபாவளி வாரத்துல யாரும் படுத்துடாம இருக்க நான் போடுற 10 நாள் பிளான், ஸ்டெப் பை ஸ்டெப்

மூணு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளி அன்னிக்கு எங்க வீட்ல எல்லாரும் புதுசு கட்டிக்கிட்டு வாசல்ல நிக்குறாங்க, நான் ரூமை இருட்டாக்கிட்டு ஒத்தைத் தலைவலியோட படுத்திருந்தேன். அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரியும் முறுக்கு, மைசூர்பாகுன்னு ஒரு மணி வரைக்கும் அடுப்படிதான், தூக்கமே கிடையாது. அதே காலைல என் அத்தைக்கும் உடம்புக்கு முடியாம போச்சு, அதை கீழ விரிவா சொல்றேன், இந்தப் பதிவு எழுதுறதே அதுக்காகத்தான். அதுக்கப்புறம் வந்த ரெண்டு தீபாவளியும் இந்த பிளான்படி போச்சு, யாருக்கும் ஒன்னும் ஆகல.

ஸ்டெப் 1: பத்து நாள் முன்னாடியே வேலையைப் பிரிக்கணும்

தேதி கிழிக்கிற காலண்டர்ல கிழிச்ச தாள் பத்து எடுத்து, பின்பக்கம் ஒரு நாளைக்கு ஒரு வேலைன்னு எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. போன்ல ஆப் எல்லாம் வேணாம், அது உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், ஃப்ரிட்ஜ்ல இருந்தா வீட்டுக்காரரும் பசங்களும் பார்ப்பாங்க, "இன்னிக்கு கடலை மாவு நான் வாங்கிட்டு வரேன்"னு அவங்களே சொல்ற மாதிரி ஆகும். இது எனக்கு பெரிய உதவி.

ஆர்டர் இப்படி: கெட்டுப்போகாத முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா முதல்ல, ஒரு வாரம் முன்னாடியே முடிச்சு டப்பால போட்டுடலாம். அதிரச மாவு எப்படியும் ரெண்டு மூணு நாள் ஊறணும், அதனால அதையும் அப்பவே கிளறி வச்சுடுங்க. மைசூர்பாகு, லட்டு ரெண்டு நாள் முன்னாடி. அன்னிக்கு காலைல வடையும் சுழியமும் மட்டும்தான். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடுப்புல பட்சண வேலை கிடையாதுன்னு நான் வீட்ல சொல்லி வச்சிருக்கேன். எது விட்டுப்போச்சோ அது கடைல வாங்கிக்கலாம், தப்பே இல்ல.

பணமும் இதே தாள்ல வரணும். துணி, பட்டாசு, சீர், வேலை செய்றவங்களுக்குக் குடுக்கிறதுன்னு நாலையும் எழுதி மொத்தத்தை முதல்லயே முடிவு பண்ணிட்டா கடைசி நேர சண்டை பாதி குறையும்.

ஸ்டெப் 2: எண்ணெய்

எனக்கு மரச்செக்கு கடலை எண்ணெயும் கனமான இரும்பு வாணலியும்தான். நான்ஸ்டிக்ல பட்சணம் சுடாதீங்க, அவ்வளவு சூட்டுக்கு அது ஆகாது. எண்ணெய் கம்மியா ஊத்தி ஊத்தி சுடுங்க, மிச்சம் கம்மியா நிக்கும். மிஞ்சினதை வடிகட்டி ரெண்டு மூணு நாளுக்குள்ள தாளிக்க மட்டும் வச்சுக்கலாம், திரும்ப பொரிக்க வேணாம். நிறம் கருத்து, மேல நுரை நின்னு, சீக்கிரமே புகை வந்துச்சுன்னா அந்த எண்ணெய் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். திரும்பத் திரும்ப காய்ச்சுனா எண்ணெய்ல போலார் காம்பவுண்ட்னு ஒன்னு ஏறிக்கிட்டே போகும், அது 25 சதவீதம் தாண்டுன எண்ணெயை சமையலுக்கு எடுக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதியே இருக்கு. நம்ம வீட்ல அளக்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் மீட்டர்.

அப்புறம் ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து சுடுங்க. மூணு மணி நேரம் நின்னா காலும் இடுப்பும் என்ன ஆகும்னு சுடுறவங்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டெப் 3: லேகியம்

நாட்டு மருந்து கடைல தீபாவளி லேகிய மருந்துன்னு கேட்டா சுக்கு, மிளகு, அரிசி திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் போட்டு பொட்டலமா குடுப்பாங்க. லேசா வறுத்துப் பொடிச்சு, சலிச்சு, ஒரு மணி நேரம் தண்ணில ஊறவச்சு கொதிக்க விடுங்க. பொடி ஒரு பங்குன்னா வெல்லம் ரெண்டு பங்கு. நெய்யும் நல்லெண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு சின்ன தீயில கிளறணும். இன்னும் கொஞ்சம் தளர்வா இருக்கேன்னு தோணும்போதே இறக்கிடணும், ஆறுனா தானா கெட்டியாகும். ஓரம் விட்டு நல்லா சுருண்டு வரட்டும்னு நின்னீங்கன்னா கமர்கட் மாதிரி ஆயிடும். தேன் முழுசா ஆறின பிறகுதான்.

அளவு சின்ன நெல்லிக்காய் சைஸ் போதும். சுகர் இருக்கிறவங்களுக்கு நாக்குல தடவுற அளவுதான், ஏன்னா பாதிக்கு மேல வெல்லம்.

ஸ்டெப் 4: தீபாவளி காலை, மாத்திரையும் சாப்பாடும்

இதை தயவுசெஞ்சு முழுசா படிங்க.

தீபாவளின்னா சுகர் ஏறும்னுதான் எல்லாரும் பயப்படுறோம். எங்க அத்தைக்கு இறங்குச்சு. அவங்க தினமும் ஏழரைக்கு சுகர் மாத்திரை போட்டு எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுவாங்க. அன்னிக்கு நாலு மணிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாச்சு, குளிச்சா அடுத்தது மாத்திரைங்கிற பழக்கத்துல அஞ்சு மணிக்கே போட்டுட்டாங்க. அப்புறம் படையல், பட்டாசு, அக்கம்பக்கத்துக்கு தட்டு குடுக்கிறது, ஊர்லேர்ந்து போன்னு எட்டேகால் ஆயிடுச்சு, அவங்க வயித்துல ஒரு துளி லேகியத்தைத் தவிர ஒன்னுமில்ல. திடீர்னு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுது. எண்ணெய் குளியல் மயக்கம்னு நாங்க ஃபேனைப் போட்டோம். நாத்தனார் ஓடிப்போய் மைசூர்பாகு எடுத்துட்டு வந்து ஊட்டுறாங்க. குளுக்கோமீட்டர்ல பார்த்தா 58.

70க்கு கீழ போனாலே அது லோ சுகர். அந்த நேரத்துல மைசூர்பாகு உதவாதுன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார், அதுல இருக்கிற நெய் சர்க்கரை ரத்தத்துல சேர்றதை மெதுவாக்கிடும். மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கரைச்சுக் குடுக்கணும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணணும், இன்னும் 70க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவை குடுக்கணும், ஏறினதும் இட்லி மாதிரி ஏதாவது சாப்பிட வைக்கணும். நினைவு இல்லன்னா வாய்ல எதுவும் ஊத்தக்கூடாது, நேரா 108 தான்.

இப்ப நாங்க பண்றது: ஏழு நாள் பெட்டி இருக்கே, அந்த மாத்திரை டப்பால அன்னிக்கு உள்ளதை மட்டும் எடுத்து இட்லி தட்டுக்கு பக்கத்துல வச்சுடுவோம், பாத்ரூம் பக்கத்து அலமாரில இருக்காது. தட்டு வந்தாதான் மாத்திரை. படையல் முடிஞ்சதும் அத்தைக்குத்தான் முதல் இலை. அவங்க முதல்ல ஒத்துக்கல, "எல்லாருக்கும் முன்னாடி நான் எப்படிம்மா சாப்பிடுறது"ன்னாங்க. "அத்தை, நீங்க சாப்பிட்டாதான் நாங்க நிம்மதியா பட்டாசு வெடிப்போம்"னு சொன்னேன், சரின்னுட்டாங்க. மாத்திரையை நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டர்கிட்ட அன்னிக்கு நேரம் மாறும்னு சொல்லிக் கேட்டுக்கோங்க.

நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்னா ஒன்பதரைக்கெல்லாம் லைட் ஆஃப். ஆறரை மணி நேரமாவது கிடைக்கும். எனக்கு தலைவலி வராததுக்கு இது ஒன்னுதான் காரணம்.

ஸ்டெப் 5: பட்டாசு

தமிழ்நாட்டுல 2018லேர்ந்து காலைல 6 டு 7, ராத்திரி 7 டு 8 தான் நேரம். ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்ல அந்த ரெண்டு மணி நேரம் ஜன்னலை சாத்திட்டு, இன்ஹேலரை கையோட வச்சுக்கோங்க, வெளிய வந்தா என்95 மாஸ்க், துணி மாஸ்க் புகைக்கு நிக்காது. பசங்களுக்கு காட்டன் டிரெஸ், கால்ல செருப்பு. ஒரு பக்கெட் தண்ணி. முடிஞ்ச கம்பி மத்தாப்பை அதுல போட்டுடணும், தரைல கிடந்ததை மிதிச்சுத்தான் நிறைய குழந்தைங்க கால் வெந்துக்குது. சுட்டுட்டா குழாய் தண்ணிய 20 நிமிஷம் ஓடவிட்டு காட்டுங்க. பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேணாம்.

அப்டேட்

கமென்ட்ல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ஊருக்குப் போறதுலயே பாதி உயிர் போகுது அக்கா, அதுக்கு பிளான் இல்லையான்னு. ட்ரெய்ன் புக்கிங் இப்ப 60 நாள் முன்னாடிதான் திறக்குது (முன்னாடி 120 இருந்துச்சு, 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க), அந்தத் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுடுங்க. டிக்கெட் கிடைக்கலன்னா முதல் நாள் ராத்திரி சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்காம ரெண்டு நாள் முன்னாடி பகல் பஸ் பிடிங்க, ஒரு நாள் லீவு போனாலும் பரவால்ல. மாத்திரை, குளுக்கோமீட்டர், சர்க்கரை பொட்டலம் மூணும் மடில வச்சிருக்கிற பையில இருக்கணும், டிக்கில போடுற பெட்டில வேணாம்.

இன்னொருத்தர் லேகியம் கல்லு மாதிரி ஆயிடுச்சு என்ன பண்றதுன்னு கேட்டார். அரை டம்ளர் வெந்நீர் ஊத்தி சின்ன தீயில வச்சு கரைச்சு, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, இந்த தடவை சீக்கிரமா இறக்குங்க. சரியாயிடும்.